வடிகால் திருகு

எங்கள் மெக்கானிக் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது என்று போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் இப்போது தொழிலில் இருப்பவர்கள். காரில் ஒரு ஒயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தால், டர்போ எவ்வளவு காற்றை அழுத்துகிறது என்பது, பூஸ்ட் என்பார்கள் அதை, எண்ணாகத் தெரியுமாம். வேண்டியபடி தட்டினால் கூடுமாம், குறையுமாம். “நீங்கள்லாம் வெறும் திருகை வச்சே பூஸ்ட் செட் பண்ணுவீங்களாமே அண்ணே. அதைப் பத்தி எழுதிக் குடுங்க, சுவாரசியமா இருக்கும்” என்றார்கள்.

சுவாரசியமாக இருக்குமாம். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். முப்பத்தெட்டு வருடப் பட்டறை வாழ்க்கையில் நான் திருகை வைத்துப் பூஸ்ட் செட் செய்தது ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான். அதற்குப் பிறகு லாரி, டிராக்டர் தவிர வேறு எதன் பானெட்டையும் திறக்கவில்லை. அதை எழுதத்தான் வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இனி எழுதாமல் யாருக்காக மூடி வைப்பது?

நான் திருவாரூருக்குத் தெற்கே ஒரு கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டதற்காகப் பண்ணையில் வெளியூர் ஆட்களை இறக்கிய வருடம், எங்கள் ஆட்கள் வரப்பில் வரிசையாக நின்று மறித்தார்கள். போலீஸ் வேன் வந்தது. எங்கள் அப்பாவைப் பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, என்னை ஒரு வைக்கோல் லாரியில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பியது. “சேத்துல கால வைக்காத. அது போதும்” என்றார். பட்டறையில் சேர்ந்தேன். கழுவினேன், துடைத்தேன், கழற்றினேன், மாட்டினேன். பத்து வருடம் அப்படியே போயிற்று.

அந்தப் பட்டறையின் மேஸ்திரி ஆரோக்கியசாமி. நாகப்பட்டினத்தில் கப்பல் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு வந்தவர். டர்போ என்ற சாமானை எங்கள் பக்கத்து லாரிகள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதைப் பிரித்து மாட்டியவர். இன்ஜின் ஓடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். அணைத்துவிட்டு, சூடு அடங்கும் வரை நின்று, அப்புறம்தான் வாயைத் திறப்பார். திறந்தாலும் இரண்டு வாக்கியம்தான். சொல்லி முடித்ததும் “திருப்பிச் சொல்லு” என்பார். கேட்டவன் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நட்டு முடுக்குவதற்கும் அதேதான், டீ வாங்கி வருவதற்கும் அதேதான். கலியாணமாகிக் குழந்தை பெற்ற மெக்கானிக்குகள் எல்லாம் கைகட்டி நின்று, “ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை இல்லாம” என்று ஒப்பித்துவிட்டுப் போவோம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயரே திருப்பிச்சொல்லு மேஸ்திரிதான்.

அந்தக் கார் வந்தது ஒரு தை மாதத்தில். இரண்டே கதவு, ஜப்பான் வண்டி, தவளை போலத் தரையோடு உட்கார்ந்திருந்தது. கொண்டு வந்தவர் மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணை வாரிசு ரகுபதி. மலேசியாவில் சில வருடம் இருந்துவிட்டு, வரும்போது வண்டியையும் கொண்டுவந்துவிட்டார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பி, மாடு மேய்ப்பவன் பெயரிலும் சமையல்காரி பெயரிலும் எழுதி வைத்த நிலமே அந்தக் குடும்பத்துக்கு இன்னும் பத்து வேலி, அறுபது ஏக்கருக்கு மேல், இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். சென்னைப் பக்கம் நடக்கப் போகும் கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டும், அதற்கு டர்போ அழுத்தத்தைக் கூட்டித் தர வேண்டும் என்றார்.

வண்டியை ஓட்டி வந்தவன் அவருடைய டிரைவர் கலியமூர்த்தி. என்னைவிட ஆறேழு வயது சின்னவன். சீட்டில் உட்காருவதற்கு முன் தோளில் இருக்கும் துண்டை எடுத்து நான்காக மடித்து அதன்மேல் போட்டு, அப்புறம்தான் உட்காருவான். வேர்வை பட்டால் ஐயா வைவாராம். பேச்சோடு பேச்சாக ஊரை விசாரித்தேன். அவன் அப்பா சாமிக்கண்ணு, ஊருக்கே மடை திறந்து மூடித் தண்ணீர் பாய்ச்சும் நீராணிக்கக்காரர். பண்ணை நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியிருந்தது. அதை அடிக்கச் சொல்லி ரகுபதி வழக்குப் போட்டிருந்தார்.

“கேசு போட்டவருக்கே காரு ஓட்டுறியா?” என்றேன்.

“வேற என்னண்ணே பண்றது? பந்தயத்துல செயிச்சா கேச வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஐயாவே வாயால சொல்லியிருக்காரு. அதான் இந்த வண்டிய என் புள்ள மாதிரி பாத்துக்கிறேன்” என்று சிரித்தான்.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டர்போ என்பது இன்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. திணிக்கத் திணிக்க வேகம். அளவு மீறினால் உள்ளே பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும், டக்டக்கென்று தட்டல் சத்தம் கேட்கும், அதையும் தாண்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் கூடவே ஒரு காவல்காரன் உண்டு. தகர டப்பா போல இருக்கும். காற்றின் அழுத்தம் ஒரு சின்ன ஹோஸ் வழியாக அந்த டப்பாவுக்குப் போகும். அளவைத் தொட்டதும் டப்பா ஒரு கம்பியைத் தள்ளும், புகை வேறு வழியாகப் போய்விடும், விசிறி அதற்கு மேல் வேகம் எடுக்காது. அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் அந்தக் காவல்காரனை ஏமாற்ற வேண்டும். ஹோஸின் நடுவில் ஒரு திருகு வைத்து, கொஞ்சம் காற்றை வெளியே கசிய விடுவது. டப்பாவுக்கு அழுத்தம் குறைவாகத் தெரியும், அது சும்மா இருக்கும், விசிறி இன்னும் சுற்றும். ஆக, திருகைத் திறந்தால் அழுத்தம் ஏறும். மூடினால் இறங்கும்.

கசிய விடுகிற திருகு என்பதால் முதல் நாளே அதை நான் வடிகால் என்றேன். வயலில் மிஞ்சிய தண்ணீர் வெளியே போகிற வாய்க்காலுக்கு எங்கள் ஊரில் அதுதானே பெயர். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“வடிகாலத் தொறந்தா என்ன ஆவும்?” என்று கேட்டார்.

“மட்டம் எறங்கும் மேஸ்திரி.”

“இதத் தொறந்தா?”

“ஏறும்.”

“அப்பறம் என்ன பேரு அது? திருகுன்னு சொல்லு.”

திருகு என்று திருப்பிச் சொன்னேன். அவர் போனதும் மறுபடி வடிகால் என்றேன். நல்ல பெயராகத்தான் இருந்தது. பெயர் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நான்கு நாள் வேலை. முதலில் திருகை முழுதாக மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏழு பவுண்டு காட்டியது. கால் சுற்றுத் திறப்போம். மூன்றாவது கியரில் ஒரே சீராக ஆக்ஸிலேட்டரை மிதித்து ஓட்டுவான் கலியன், கலியமூர்த்தியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து முள் தொட்ட உச்சத்தை மட்டும் நான் எழுதிக்கொள்வேன். திரும்பி வந்து ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையின் நிறம் பார்ப்பார் மேஸ்திரி. ரொட்டி நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் உள்ளே வேகிறது என்று அர்த்தம். அப்புறம் அடுத்த கால் சுற்று. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடக்கூடாது. பன்னிரண்டு பவுண்டில் பிளக் லேசாக வெளுக்க ஆரம்பித்தது. மேஸ்திரி பூட்டு நட்டை முடுக்கி, திருகின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்.

“பதினெட்டு வேணும்” என்றார் ரகுபதி.

“நம்ம ஊரு பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் பன்னெண்டு. அதுக்கு மேல வேணும்னா வேற பட்டறைக்குக் கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார் மேஸ்திரி.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரகுபதி எனக்கு ஆள் அனுப்பினார். போனேன்.

ஏன் போனேன் என்பதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையே பொய். அந்த மாதிரிப் பண்ணை வீடுகளில் எங்கள் அப்பா கொல்லைப்புறமாகப் போய்த் தூர நின்று பேசியவர். ஆட்சி மாறி, கட்சிகள் மாறி, ‘டேய்’ போய் ‘வாங்க’ வந்திருந்தது. பதிவேட்டில் இருந்த நிலம் மட்டும் அப்படியே இருந்தது. ரகுபதி வாசலுக்கு வந்து, “வாங்க செல்வம், உக்காருங்க” என்று கூடத்தில் நாற்காலியை அவர் கையாலேயே இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். சில்வர் டம்ளரில் காபி வந்தது. “மேஸ்திரி பழைய காலத்து ஆளு. உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும்னு கலியன் சொன்னான்” என்றார். அந்த நாற்காலிக்காகத்தான் செய்தேன். சீ என்று இருக்கிறது, இப்போது எழுதும்போதும்.

சிவப்புக் கோட்டை ஸ்பானரால் உடைத்தேன். ஹோஸை நீட்டி, உள்ளே ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழாகத் திருகை வைத்தேன். ஓட்டும்போதே கூட்டலாம், குறைக்கலாம். அழுத்தம் காட்டும் மீட்டர் அதற்கு மேலேயே இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முத்துப்பேட்டை போகும் சாலையில் இரண்டு முறை ஓட்டினோம். குமிழை நான்தான் திருப்பினேன், கலியன் கண் சாலையில் இருந்தது. பதினைந்து பவுண்டு வரை தட்டல் இல்லை. அங்கே நிறுத்திவிட்டேன். பதினைந்தே அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டேன்.

ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கலியன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மத்தியானம் ரகுபதியின் சிநேகிதர்கள் வருகிறார்கள், அவர்கள் பார்க்க இன்னொரு முறை ஓட்ட வேண்டும் என்றான்.

“வெயில்ல தட்டல் வரும். சத்தம் கேட்டா வடிகாலப் பாத்துக்க” என்றேன்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். “வடிகாலப் பாக்க எனக்குச் சொல்லித் தரணுமாண்ணே? எங்கப்பன் பொழப்பே அதுலதான போவுது. நீங்க பஸ்ஸப் புடிங்க.”

நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். திருப்பிச் சொல்லு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எந்தப் பக்கம் திருப்புவாய் என்று கேட்டிருந்தால் போதும். வயிறு நிறைந்திருந்தது. பஸ் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் ஏறினேன்.

மறுநாள் காலை பட்டறையில் செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார் புளியமரத்தில் மோதியிருந்தது. இன்ஜின் பக்கவாட்டில் உடைந்து, ஆயில் முழுக்கச் சாலையில் கொட்டி, பின் சக்கரம் இறுகி, கலியனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்று சொன்னார்கள். நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

“அண்ணே, தட்டல் கேட்டிச்சி. நீங்க சொன்ன மாதிரியே வடிகாலத் தொறந்துட்டேன். முள்ளு எறங்கல. ஏறுது. செரி, பத்தல போலருக்குன்னு முழுசாத் தொறந்துட்டேன்.” மூச்சு வாங்கியது. “நாந் தொறந்துதானண்ணே விட்டேன்?”

ஐப்பசி மழையில் வயல் மூழ்கும்போது தண்ணீர் இன்னும் ஏறினால் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்வோம். வடிகாலை முழுசாகத் திறப்போம். அவன் உடம்பு செய்தது அதைத்தான். “ஆமா, தொறந்துதான் விட்ட” என்றேன். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. உடைந்த காரைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் போட்டபோது குமிழைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், உடைந்த பெயிண்ட் கோட்டைப் பார்த்தார்.

“அவங்கிட்ட என்ன சொன்ன? அப்படியே சொல்லு.”

சொன்னேன்.

“திருப்பிச் சொன்னானா?”

“இல்ல மேஸ்திரி.”

கை கழுவப் போனார். வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார். அதற்குப் பிறகு, அவர் வேலையை விட்டுப் போகிற வரைக்கும், என்னை ஒரு முறைகூடத் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை. மற்றவர்கள் ஒப்பித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மட்டும் சொல்வதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி பட்டறைக்கு வந்தார். கருவியில் கோளாறா, ஓட்டியவர் தவறா என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயம். ஜெயிலுக்குப் போவேனோ என்று பயம், அப்பாவின் பதினொரு நாள் வேறு ஞாபகத்துக்கு வந்தது. “கருவி சரியாத்தான் இருந்துச்சு சார். அவரு திருகை மாத்தித் திருப்பிட்டாரு” என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வடிகால் என்று எழுதவில்லை. திருகு என்றுதான் எழுதினேன். அன்றைக்குத்தான் மேஸ்திரி சொன்ன பெயரைச் சொன்னேன். சற்றுத் தள்ளி நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் விடவில்லை. கலியன் பண்ணை வேலையில் செத்திருக்கிறான், ஆகவே அந்த ஆறு மா நிலத்தை அவன் அப்பாவுக்கே விட வேண்டும், வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்று கொடி பிடித்தார்கள். தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தது. ரகுபதி கொஞ்சம் இறங்கி வந்திருந்தார் என்றுகூடச் சொன்னார்கள். கடைசி நாளில் அவருடைய வக்கீல் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாராம். “இவரு மகன்தான் தப்பாத் திருப்பி வண்டிய ஒழிச்சதுன்னு மெக்கானிக்கே எழுதிக் குடுத்திருக்காரு. நாங்க எதுக்குங்க நிலத்த விடணும்?” நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் அது. பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்தது. வழக்கு நடந்தது. அடுத்த குறுவைக்கு முன் பதிவேட்டில் சாமிக்கண்ணு பெயரை அடித்துவிட்டார்கள்.

அடித்த பிறகுதான் அவர் பட்டறைக்கு வந்தார். ஒல்லியான மனுஷன், முழங்கால் வரைக்கும் வெடித்த கால்கள், கையில் மடித்த துண்டு. கலியனின் துண்டு அது, எனக்குத் தெரியும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அவரைப் பார்த்ததும் அணைத்துவிட்டார்.

“செல்வமுங்கிறது யாரு?” என்று கேட்டார் பெரியவர்.

நான்தான் என்றேன். கூட்டிப் போய் ஸ்டூலைப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

“எம்மவன் திருப்புனான்னு எழுதிக் குடுத்தீங்களாமே, அதக் கொஞ்சம் காட்டுங்க தம்பி. கண்ணால பாக்கணும்.”

காரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்திருந்த குமிழையும் ஹோஸையும் எடுத்து வந்தேன். எங்கே காற்று வருகிறது, எங்கே கசிகிறது என்று காட்டினேன். ஒருமுறை சொன்னதிலேயே பிடித்துக்கொண்டார். வாழ்நாள் எல்லாம் மடை பார்த்தவருக்கு அது என்ன பிரமாதம். குமிழைத் தானே வாங்கித் திறந்தார், மூடினார், திறந்தார்.

“சாகறப்ப எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். வடிகாலத் தொறந்தேம்பா, ஏறிப்போச்சுன்னான். புத்தி பெரண்டு பேசறான்னு நெனச்சேன்.” குமிழை என் கையில் வைத்தார். “தொறந்தா ஏறுற சாமானுக்கு வடிகால்னு யாரு தம்பி பேரு வச்சது?”

மேஸ்திரி என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கம்பெனிக்காரன் வச்ச பேருங்கய்யா” என்றேன்.

பெரியவர் தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அதான பாத்தேன்” என்றார். “வயலப் பாத்தவன் எவனும் இப்புடிப் பேரு வைக்கமாட்டான்.”

பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அவர் இறந்து பல வருடமாகிவிட்டது, மேஸ்திரியும் போய்விட்டார். பெரியவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை மலரில் போடுங்கள். பேர் வைத்தது நான். நான் வயலில்தான் பிறந்தேன்.